ஒன்றும் செய்யாதிருத்தல் திட்டம்

அரசு ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால், அதைச் செய்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். இது விதி. நல்ல விதி. ஆனால் எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற வேலைகள் கெட்டுவிடும் என்பதால், யோசிப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவை ஏற்படுத்தினார்கள். பொதுக் கட்டுமானத் துறையின் மூன்றாவது மாடியில், கழிப்பறையைத் தாண்டி, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு எதிரே அது இருந்தது. பெயர், பாதிப்பு ஆய்வுப் பிரிவு.

பிரிவில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் கண்காணிப்பாளர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அதுவரை எதிலும் சிக்காமல் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. இன்னொருவர் ஆய்வு உதவியாளர், நாற்பது வயதுப் பெண். அலுவலகம் முழுக்க அவளைப் 'பாதிப்பு மேடம்' என்றுதான் கூப்பிடும். "பாதிப்பு மேடம் இன்னிக்கு லீவு" என்று யாராவது சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அவர்கள் யோசிப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில், துறை செய்ய நினைப்பதை எழுத வேண்டும். இரண்டாவதில் அதைவிட மோசமான ஒன்று. மூன்றாவதில் நடக்கவே முடியாத ஒன்று. நான்காவது கட்டத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை. 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்று அச்சிலேயே இருக்கும். அதற்கு நேரே 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதல்ல' என்று ரப்பர் ஸ்டாம்பு அடித்துவிடுவார்கள். இப்படி நாலையும் சீர்தூக்கிப் பார்த்து, பதினோரு வருஷமாக முதல் கட்டத்தையே தேர்ந்தெடுத்து வந்தார்கள்.

அந்த வருஷம் துறையின் ஜீப்புகளுக்கு நிறுத்துமிடம் கட்டும் கோப்பு வந்தது. ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய பள்ளம். நாணலும் கோரையும் மண்டிக் கிடக்கும். அதை மண் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் தளம் போட வேண்டும். கோப்பில் அந்த இடத்துக்கு 'பயனற்ற நிலம்' என்று பெயர். கண்காணிப்பாளர் இடத்தை வரைபடத்திலேயே நேரில் பார்த்துவிட்டார். மேடம் மட்டும் பஸ் ஏறிப் போனாள். காரணம், பள்ளத்தை ஒட்டியிருக்கிற தெருவில்தான் அவள் தம்பி குடியிருந்தான். கருகிப்போன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவன் தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை.

"மழை பெய்ஞ்சா இங்க எப்படிடா இருக்கும்?" என்று கேட்டாள்.

"பள்ளத்துல இடுப்பளவு நிக்கும்க்கா. தெருவுல கணுக்கால்கூட நனையாது. அது வாங்கிக்குது, நாம பொழைச்சோம்."

"அதை நிரப்பிட்டா?"

தம்பி பட்டறையைப் பார்த்தான். தரையில் பதினைந்து மோட்டார்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

மறுநாள் அவள் படிவத்தை எடுத்தாள். நான்காவது கட்டத்துக்கு வந்தபோது ஸ்டாம்பைத் தொடவில்லை. பேனாவால் எழுதினாள்: 'ஒன்றும் செய்யாதிருந்தால், மழைத் தண்ணீர் இப்போது போகிற இடத்துக்கே போகும். இருபத்துமூன்று வீடுகளுக்குள் போகாது. நீர்க்கோழிகள் இருக்கும். மற்றபடி ஒன்றும் ஆகாது.'

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, ஸ்டாம்பு என்னாச்சு?"

"மை காஞ்சுபோச்சு சார்."

"அதுக்காக இவ்வளவு எழுதணுமா? சரி, யார் படிக்கப்போறா," என்று கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது நியாயம்தான். சாதாரண வருஷமாக இருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அது சாதாரண வருஷம் இல்லை. மேலிடம் அதைப் பசுமை ஆண்டாக அறிவித்திருந்தது. ஒரே மாதத்தில் அதிகாரிகள் எல்லாரும் இயற்கையின் மடிக்குத் திரும்பிவிட்டார்கள். தோல் பை போய் சணல் பை வந்தது. பிளாஸ்டிக் பேனா போய் மூங்கில் பேனா வந்தது. அது எழுதாது என்பதால் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் பேனாவும் இருந்தது. துறை இயக்குநர் தன் அறையில் பன்னிரண்டு தொட்டிச் செடிகள் வைத்தார். வெயில் படாமல் அவை வாடியதால், ஜன்னலை அடைத்துவிட்டு அவற்றுக்கு விளக்குப் போட்டார்கள். விளக்குச் சூட்டுக்கு இன்னொரு ஏசி மாட்டினார்கள்.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு துறையும் குறைந்தபட்சம் ஒரு பசுமை முடிவாவது எடுத்து, புகைப்படத்துடன் அனுப்ப வேண்டும். இயக்குநர் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். மேடமும் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள்.

"பசுமையா ஏதாவது இருக்கா?" என்றார் இயக்குநர்.

"ஜீப் நிறுத்துமிடம்தான் சார் இருக்கு."

"அதுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமா?"

"அடிக்கலாம் சார். கட்டி முடிக்க எட்டு மாசம் ஆகும்."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். நான்காவது கட்டத்தில் ஸ்டாம்பு இல்லாதது கண்ணில் பட்டது. "இது என்ன, ஒன்றும் செய்யாதிருத்தல்?"

"மாற்று வழி சார். விதிப்படி வைக்கிறது."

"இதைச் செய்ய எவ்வளவு நாளாகும்?"

கண்காணிப்பாளர் விழித்தார். மேடம் சொன்னாள்: "உடனே ஆரம்பிச்சிடலாம் சார். சொல்லப்போனா ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு."

இயக்குநர் மூங்கில் பேனாவை எடுத்து, அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவால் நான்காவது கட்டத்தில் 'டிக்' அடித்தார். புகைப்படம் எடுத்தார்கள்.

தெருவில் கொண்டாட்டம். இயக்குநருக்கு நன்றி சொல்லி, பத்தடிக்கு பிளாஸ்டிக் பேனர் கட்டினார்கள். தம்பி ஒரு பெட்டி இனிப்போடு அக்கா வீட்டுக்கு வந்தான். "நீ எழுதினதாமே. தெருவே உன்னைப் பத்தித்தான் பேசுது," என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக வேலை செய்தது போல இருந்தது.

சந்தோஷம் பதினாறு நாள் நீடித்தது. பதினேழாம் நாள் பொறியாளர் ஒருவர் வந்து நின்றார். நிறுத்துமிடம் கட்டுவதற்காக முன்கூட்டியே நியமிக்கப்பட்டவர். உழைப்பாளி. ஒரு நாளும் சும்மா இருந்தறியாதவர்.

"மேடம், திட்டத்துக்கு ஒப்புதல் வந்துடுச்சு. எப்ப வேலையை ஆரம்பிக்கலாம்?"

"ஒண்ணும் செய்யக்கூடாதுங்கறதுதான் சார் திட்டமே."

"அது புரியுது. அதை யார் செய்யறது?"

மேடம் கோப்பைத் திறந்து நான்காவது கட்டத்தைக் காட்டினாள்.

"திட்டப்படி ஒண்ணும் செய்யாம இருக்கிறது வேற, சும்மா இருக்கிறது வேற," என்றார் பொறியாளர் பொறுமையாக. "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்ல? நாளைக்கு ஆடிட்ல கேட்டா எதைக் காட்டுவேன்?"

அவர் நல்லவர். ஊரை ஏமாற்றத் தெரியாதவர். ஒன்றும் செய்யாமல் இருப்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். முதலில் பள்ளத்தின் நடுவில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார். 'பொதுக் கட்டுமானத் துறை. இங்கு ஒன்றும் செய்யப்படுவதில்லை.' பன்னிரண்டு அடி உயரம். சேற்றில் நிற்காது என்பதால் அடியில் கான்கிரீட் போட்டார். பலகை நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். முதல் மாதம் பார்க்கப் போன அதிகாரியின் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. எனவே மண் கொட்டிப் பாதை போட்டார்கள்.

மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "சார், பாதைக்குப் பாதிப்பு ஆய்வு வேணும்."

"எவ்வளவு பரப்பு?"

"நானூத்தி எண்பது சதுர மீட்டர்."

"ஐநூறுக்குக் கீழ இருந்தா ஆய்வு தேவையில்லையேம்மா. விதி அஞ்சு, உட்பிரிவு மூணு. நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே."

யாரும் உள்ளே புகுந்து ஏதாவது செய்துவிடக்கூடாதே என்று பள்ளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். அதை நான்கு பக்கமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஐநூறுக்குக் கீழே. சுவரைக் காக்கக் காவலர் அறை. அது வெறும் பதினெட்டு. நாணல் வளர்ந்து பலகையை மறைத்ததால் வெட்டினார்கள். நீர்க்கோழிகள் போய்விட்டதால், நீர்க்கோழிகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள ஒரு பார்வை மேடை கட்டினார்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதில் இவ்வளவு முன்னேற்றம் கண்ட துறை வேறு இல்லை என்று பெயர் வந்தது. மற்ற ஊர்களிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். ஒரு நாள் முப்பத்தெட்டு ஜீப்புகள் வந்தன. நிறுத்த இடமில்லை. பொறியாளர் வருத்தப்பட்டு, தெற்கு மூலையில் நானூற்றுத் தொண்ணூறு சதுர மீட்டருக்குச் சரளை கொட்டினார். அடுத்த மாதம் வடக்கு மூலையில்.

மேடம் ஒரு தாளில் எல்லாவற்றையும் கூட்டிக் கொண்டுபோனாள். "சார், தனித்தனியா பார்க்காதீங்க. மொத்தமா பாருங்க. பள்ளத்துல முக்கால்வாசி போயிடுச்சு."

கண்காணிப்பாளர் பீரோவைத் திறந்து கோப்புகளைக் காட்டினார். "இது பலகை. இது பாதை. இது சுவர், கிழக்கு. இது சுவர், மேற்கு. மொத்தம்னு ஒரு கோப்பு இருந்தா நீயே எடும்மா, பார்க்கலாம்."

இல்லைதான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் தெரியும்மா. கோப்பு இல்லாததை நான் எங்க கொண்டுபோய்ச் சொல்றது?"

தெருக்காரர்கள் தடுப்பார்கள் என்று நினைத்தாள். தெருக்காரர்களுக்குப் பாதை பிடித்துவிட்டது. காலையில் பசுமையைப் பார்த்துக்கொண்டே நடப்பது அப்போது எல்லா ஊரிலும் மோஸ்தர். வெள்ளை ஷூவும், கையில் காலடியை எண்ணுகிற பட்டையுமாக இருபத்துமூன்று வீடும் நடந்தது. நடக்கிறவர்கள் இளைப்பாற பெஞ்சு கேட்டார்கள். பெஞ்சு வந்தது. விளக்குக் கேட்டார்கள். விளக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் போனபோது, கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் அவள் தம்பி.

"என்னடா பண்றே? இங்க எதுக்குடா விளக்கு?"

"நடக்கிறவங்களுக்குக்கா. பொறியாளர் என்னையே செய்யச் சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்."

"பள்ளம் எங்கடா?"

அவன் மேலிருந்தபடியே நாலாபக்கமும் பார்த்தான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தும் சட்டென்று சொல்ல முடியவில்லை. "அதோ அங்க கொஞ்சம் இருக்கு பார். பெஞ்சுக்குப் பின்னால."

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் வழக்கம் போலப் பள்ளத்தைத் தேடி வந்தது. சுவரில் முட்டியது. திரும்பித் தெருவுக்குள் போனது.

மேடம் முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அடுப்பு மேஜை மேல் இருந்தது. அதுவரை எடுத்த மோட்டார்கள் கட்டில் மேல் இருந்தன. தம்பி மனைவி மோட்டார்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் செய்த வேலை எல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தம்பி தண்ணீருக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்தான். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி, "நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருந்தீங்களாமே?"

"அது ஒண்ணும் செய்யலைன்னா ஆகாதுன்னு எழுதினேன்மா."

"ஒண்ணும் செய்யலைன்னுதான் பன்னிரண்டு அடிக்கு எழுதி வெச்சிருக்காங்களே."

மேடம் தண்ணீருக்குள் குனிந்து, தம்பியோடு சேர்ந்து மோட்டார்களைத் தேட ஆரம்பித்தாள்.

விசாரணைக் குழு போட்டார்கள். குழு கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தது. பள்ளத்தில் ஒன்றும் செய்யக்கூடாது என்று முடிவெடுக்கப்பட்டிருந்தது. அந்த முடிவு நூறு சதவீதம் நிறைவேற்றப்பட்டதாக மாதாந்திர அறிக்கைகள் சொல்லின. ஆகவே, வெள்ளம் வந்ததற்கு ஒன்றும் செய்யாததே காரணம் என்று குழு ஏகமனதாகக் கண்டறிந்தது.

மேடம் மறுப்பு எழுதினாள். சுவரை இடிக்க வேண்டும், கொட்டிய மண்ணை எல்லாம் அள்ள வேண்டும் என்று நான்கு பக்கம். பொறியாளருக்கு அதில் முழுச் சம்மதம். அவராகவே மண்வெட்டியோடு போயிருப்பார். கண்காணிப்பாளர்தான் பரப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து எடுக்கணும்னு எழுதியிருக்கே. ஆறாயிரம் சதுர மீட்டர் வருது. இதுக்கு முழு ஆய்வு வேணும்மா. பதினெட்டு மாசம்."

"கட்டும்போது வேணாம், இடிக்க மட்டும் வேணுமா சார்?"

"இப்ப அங்க இருக்கிறதுதானேம்மா சுற்றுச்சூழல். அதைப் போய் இஷ்டத்துக்குக் கலைக்க முடியுமா?"

அன்று அவள் இரண்டு மணி நேரம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு பதினெட்டு மாத ஆய்வுக்கான முதல் தாளை எழுத ஆரம்பித்தாள். வேறு வழி இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் தம்பி அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம். தெருக்காரர்கள் நாலைந்து பேர் கூடவே வந்து வராண்டாவில் நின்றார்கள்.

"பதினெட்டு மாசம்லாம் தாங்காதுக்கா. நடுவுல இன்னொரு மழை வந்துடும். அதான் தெருவுல கூடிப் பேசினோம். அவங்கவங்க வீட்டு மனையை அவங்கவங்க மண் கொட்டி மூணு அடி ஏத்திக்கிறோம். உங்க பிரிவுல ஒரு சான்றிதழ் வாங்கணும்னாங்க."

அவள் காகிதங்களைப் புரட்டினாள். இருபத்துமூன்று விண்ணப்பங்கள். ஒவ்வொரு மனையும் நூற்றிருபது சதுர மீட்டர். யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"இருபத்துமூணு வீடும் மேல ஏறினா, தண்ணி எங்கடா போகும்?"

"பின் தெருவுக்குப் போகும்."

"அது இதைவிடத் தாழ்வுடா. அங்க அறுபது வீடு இருக்கு."

"தெரியும்க்கா." அவன் தரையைப் பார்த்தான். அவன் விரல் இடுக்குகளில் வெள்ளத்துச் சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை. "அவங்களும் வந்து விண்ணப்பம் கொடுக்கட்டும். யாரு வேணாம்னா?"

"ஒரே விண்ணப்பமா, தெரு முழுக்கன்னு எழுதிக் கொடுங்களேன். ஆய்வு பண்ணி, தண்ணி போக வழி விட்டு—"

"பதினெட்டு மாசம்," என்றார் வராண்டாவில் நின்ற ஒருவர். காலையில் நடக்கிறவர், கையில் அந்தப் பட்டையைக் கட்டியிருந்தார்.

கண்காணிப்பாளர் எழுந்து, அவசர வேலை இருப்பதுபோலக் கழிப்பறைப் பக்கம் போனார். தம்பி இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் மேல் இருந்த மோட்டார்களும், அவற்றின் நடுவே கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் மேடத்தின் கண்முன் வந்து போனார்கள்.

அவள் பேனாவைத் திறந்தாள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுசாகப் படித்து, பரப்பைச் சரிபார்த்து, அடியில் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவசரப்படவில்லை. மனசறிந்து ஒரு பொய்கூட எழுதிவிடக்கூடாது என்று அவளுக்குக் கவலை. எழுதவும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால், இருபத்துமூன்றும் உண்மை.